ஒன்பதாவது கேள்வி

இரவு எட்டு மணி அலாரம் அடித்தபோது, அந்த மாத்திரை கடைசியாக அவன் வயிற்றுக்குள் போய்ச் சரியாக இருநூற்று அறுபத்து நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. பதினோரு நாள். வீட்டில் இருந்த மற்ற இரண்டு பேரும் அது பன்னிரண்டு மணி நேரம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அக்கா ஏழு நாளுக்குக் கட்டம் போட்ட மாத்திரை டப்பாவோடு வந்து நின்றாள். இன்னொரு கையில் தண்ணீர் டம்ளர். அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது. அவன் விழுங்கி முடிக்கும்வரை அவள் அதை நிறுத்தமாட்டாள்.

“நீட்டு.”

நீட்டினான். உள்ளங்கையில் இரண்டு கேப்சூல்கள் விழுந்தன. கையை வாயருகே கொண்டுபோனான், அண்ணாந்தான், தண்ணீரைக் குடித்தான். கேப்சூல்கள் மோதிர விரலுக்கும் சுண்டு விரலுக்கும் நடுவில் இருந்தன. தராசுத் தட்டுக்கு அடியில் சுண்டு விரலைக் கொடுத்து எடை கூட்டுகிற வியாபாரிகளைக் கண்டுபிடிப்பது அவன் தொழிலில் ஒரு பகுதி. பதினைந்து வருடம் பார்த்ததில் அந்த வித்தை அவன் கைக்கும் வந்துவிட்டது.

“வாயைத் திற. நாக்கைத் தூக்கு.”

“நான் என்ன குழந்தையா?”

“குழந்தையா இருந்தா ரெண்டு அறை வெச்சுட்டுக் கொடுத்திருப்பேன். திற.”

திறந்தான். வாய் சுத்தமாக இருந்தது. அக்கா அலாரத்தை நிறுத்தினாள். பிறகு தினமும் செய்வதைச் செய்தாள். அவன் சட்டைக்கு மேல், அடிவயிற்றின் வலது பக்கம் இரண்டு விரலால் தட்டி, “சாப்பாடு வந்துடுச்சு, சமத்தா இரு,” என்றாள். அவனிடம் இல்லை, உள்ளே இருந்த அவளுடைய சிறுநீரகத்திடம். அவனிடம் பேசும்போது அவ்வளவு கனிவு அவளுக்கு வராது.

சமையலறை வாசலில் நின்றிருந்த அவன் மனைவி, அது முடியும்வரை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

கடைத்தெருவில் அவனை எடைக்கல் என்பார்கள். எலெக்ட்ரானிக் தராசு, நடைமேடைத் தராசு, தங்கம் நிறுக்கிற சின்னத் தராசு எல்லாவற்றையும் பழுது பார்ப்பான். சோதனை எடைக்கற்கள் வைத்த மரப்பெட்டி ஒன்று எப்போதும் அவனோடு இருக்கும். வெல்வெட் குழிகளில் வரிசையாகக் கற்கள். அதில் இருபது கிராம் கல் எப்போதோ தொலைந்துபோய் அந்தக் குழி காலியாக இருந்தது. இப்போது அங்கே கேப்சூல்கள் இருந்தன. இந்த இரண்டோடு நாற்பத்து நான்கு. அதுவரை சேர்ந்தவற்றை நேற்று ஒரு நகைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தான். ஐந்து கிராம்கூட வரவில்லை.

ஐந்து ஆண்டுகளுக்கு முன் அவன் சிறுநீரகங்கள் இரண்டும் படுத்துவிட்டன. மூன்றரை வருடம் டயாலிசிஸ். வாரம் மூன்று நாள், நான்கு மணி நேரம், ஒரே ஜன்னல், ஒரே மின்விசிறி. பிறகு அக்கா கொடுத்தாள். அவள் தையல் ஆலையில் ஒரு வரிசைக்கு மேற்பார்வையாளர். நாற்பது மெஷின்களுக்கு நடுவே நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. “எனக்கு ரெண்டு எதுக்கு, ஒண்ணையே தண்ணி குடிச்சுப் பாத்துக்க நேரமில்ல,” என்று டாக்டரிடம் சொல்லிச் சிரித்தவள். ஆபரேஷனுக்குப் பிறகு தம்பியைப் பார்த்துக்கொள்ள ஒரு மாதம் என்று வந்தாள். பதினேழு மாதம் ஆகிவிட்டது. வந்த இரண்டாம் வாரமே மாத்திரை டப்பாவை மனைவியிடமிருந்து வாங்கிக்கொண்டாள். பிறகு சமையலறை உப்பு ஜாடியை. பிறகு ஒவ்வொன்றாக.

டயாலிசிஸ் தொடங்கிய சில மாதங்களில் அவன் உடம்பிலிருந்து அந்த விஷயமும் போய்விட்டிருந்தது. அப்போது அவன் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. சோறு இறங்கவில்லை, படி ஏற முடியவில்லை, அதில் இதுவும் ஒன்று. புதுச் சிறுநீரகம் வந்ததும் எல்லாம் திரும்பும் என்றார்கள். திரும்பியது. பசி வந்தது. கன்னம் வந்தது, வேண்டியதற்கு மேலேயே வந்தது. சிறுநீர் தாராளமாகப் போன முதல் நாள் வார்டில் நர்ஸ் முதல் பெருக்குகிறவர் வரை வந்து பையைப் பார்த்துவிட்டுப் போனார்கள். இது மட்டும் வரவில்லை. மனைவி முதலில் காத்திருந்தாள். பிறகு தொட்டுப் பார்த்தாள். பிறகு அவள் தொடுவதே அவனுக்குப் பரீட்சைபோல ஆகிவிட்டது. அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கத் தொடங்கி ஓராண்டு ஆகிறது.

அக்காவுக்குத் தெரிந்ததெல்லாம், உயிர் கொடுத்துப் பிழைக்க வைத்த தம்பிக்கு இன்னும் பிள்ளை இல்லை என்பதுதான். அவள் காரணத்தை எங்கே தேடினாளோ அங்கே மனைவி நின்றிருந்தாள்.

ஒரு மாதம் முன்னால் அவன் ஊரின் அந்தக் கோடியில் இருந்த ஒரு லேபுக்குப் போய், தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, ஹார்மோன் டெஸ்ட் கொடுத்தான். டெஸ்டோஸ்டிரோன் நூற்று எழுபது. முந்நூறுக்கு மேல் இருக்க வேண்டும் என்று பக்கத்திலேயே அச்சடித்திருந்தது. அந்தத் தாளை யாரிடமும் காட்டவில்லை. போனில் தேடினான். புது உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் இருக்கச் சாப்பிடும் மருந்துகளில் சில, ஆண் ஹார்மோனைக் குறைக்கலாம் என்று ஓரிடத்தில் இருந்தது. எந்த மருந்து என்று பார்ப்பதற்குள் மனைவி அறைக்குள் வந்துவிட்டாள். போனை அணைத்துவிட்டான்.

மீதியை அவன் தொழில் செய்தது. தராசு தப்பாகக் காட்டினால் முதலில் தட்டில் இருப்பதை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். எதை எடுத்ததும் எண் பூஜ்யத்துக்கு வருகிறதோ, கோளாறு அதில்தான். அவன் தட்டில் ஒன்பது வகை மாத்திரைகள் இருந்தன. அதில் பெரியது, உறுப்பை உடம்பு தள்ளாமல் இருக்க எட்டு மணிக்குத் தனியாகப் போடுகிற அந்தக் கேப்சூல்; அதை முதலில் எடுத்தான். இரண்டு வாரம் பார்ப்போம், இரண்டு வாரத்தில் என்ன ஆகிவிடும்.

ஏழாம் நாள் விடியலில் கண் விழித்தபோது உடம்பு விழித்திருந்தது. சில நிமிடங்கள்தான். அவன் மூச்சுக்கூட விடாமல் படுத்திருந்தான். பக்கத்தில் மனைவி தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பலாமா என்று நினைத்தான். எழுப்பி, அதற்குள் போய்விட்டால்? எழுப்பவில்லை. போய்விட்டது. ஆனால் வந்தது. அந்த ஒரு காலைக்காக அவன் எட்டாம் நாளும் ஒன்பதாம் நாளும் கேப்சூல்களை விரலிடுக்கில் வைத்தான்.

பத்தாம் நாள் கடையில் பழுது பார்த்த நடைமேடைத் தராசில் ஏறி நின்றான். ஒரு கிலோ அறுநூறு கூடியிருந்தது. தராசு தப்பு என்று சொல்ல முடியாது. அதை அவன்தான் சற்றுமுன் சரிசெய்திருந்தான். சாயங்காலம் செருப்பு வார் காலில் தடம் பதித்திருந்தது. கழிப்பறையில் நின்றபோது வழக்கத்தைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டது. அப்போதுதான் பயம் வந்தது. நாளை மறுநாள் மூன்று மாதச் சோதனை இருப்பதும் அப்போதுதான் உறைத்தது. ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். ஒன்றுமே இருக்காது. இருந்தும், அந்தக் காலை இன்னொரு தடவை வரட்டும் என்று இன்றும் விரலிடுக்கிலேயே வைத்திருந்தான்.

இப்போது, மாத்திரை நேரம் முடிந்து, அக்கா கூடத்தில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தாள். மனைவி அறைக்கதவைச் சாத்திவிட்டு, துணி மடிக்க ஆரம்பித்தாள். அவள் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். வருகிறவர்களின் கண்ணில் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டு, இது தெளிவா, இது தெளிவா என்று கேட்கிற வேலை. அதனாலோ என்னவோ கோபத்திலும் ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்தித்தான் பேசுவாள்.

“இன்னிக்கு உங்க அக்கா கேட்டாங்க. ‘உனக்கு ஏதாவது இருந்தா சொல்லு, வெளியில தெரியாம வைத்தியம் பாக்கலாம்’னு. எனக்கு.”

அவன் தலையணை உறையை இழுத்துச் சரிசெய்தான்.

“நான் வாயைத் திறந்தா ஒரு நிமிஷம் ஆகாது.”

“திறயேன். போய்ச் சொல்லு. டிவி சத்தத்தைக் குறைச்சுட்டுச் சொல்லு, தெருவுக்கே கேக்கட்டும்.”

“நான் ஏன் சொல்லணும்? உங்க வாய்க்கு என்ன வந்தது?”

“என்னன்னு சொல்றது? அவ முன்னாடி, அந்த டாக்டர் முன்னாடி?”

“கிட்னி போச்சுன்னு சொல்லும்போது வெக்கமா இருந்துதா? இதுவும் உடம்புதானே. மூணு மாசத்துக்கு ஒரு தடவை அந்த டாக்டர் ‘வேற?’ன்னு கேக்கறார். மூணு மாசத்துக்கு ஒரு தடவை நீங்க ‘வேற ஒண்ணும் இல்ல’ங்கறீங்க. நான் பக்கத்துல உக்காந்து சுவத்தைப் பாக்கறேன்.”

மடித்த துணிகள் அலமாரிக்குப் போகவில்லை, கட்டில் மேலிருந்த நீலப் பைக்குள் போய்க்கொண்டிருந்தன. அவன் அப்போதுதான் கவனித்தான்.

“நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு இதை எடுத்துட்டு வரேன். நீங்க சொன்னா வீட்டுக்கு எடுத்துட்டு வருவேன். சொல்லலைன்னா அங்கேருந்தே எங்கம்மா வீட்டுக்கு பஸ் ஏறிடுவேன். மலடிங்கற பேரை உங்க அக்கா வீட்டுல இருந்து வாங்கறதைவிட எங்கம்மா வீட்டுல இருந்து வாங்கிக்கறேன்.”

“மிரட்டறியா?”

“ஆமா,” என்று ஜிப்பை இழுத்தாள்.

காலை ஆறரை மணிக்கு ஆஸ்பத்திரி நடைக்கூடம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. இந்தச் சோதனைக்கு ஒரு விதி உண்டு. ரத்தம் எடுத்த பிறகுதான் காலை மாத்திரை. முன்னால் சாப்பிட்டால் ரத்தத்தில் அளவு பொய்யாக ஏறிவிடும். அக்கா காலை மாத்திரைகளைக் கைப்பையில் வைத்துப் பையை மடியில் வைத்து, அதன் மேல் இரண்டு கையையும் வைத்திருந்தாள்.

ஒவ்வொரு முறையும் கொடுக்கிற கேள்வித் தாளை நர்ஸ் நீட்டினாள். பதினான்கு கேள்விகள், எதிரே உண்டு, இல்லை என்று இரண்டு கட்டங்கள். அவன் எழுந்து உட்கார முடியாமல் கிடந்த காலத்தில் அக்கா நிரப்பத் தொடங்கியது, அப்படியே நிலைத்துவிட்டது. ஆலையில் துணிகளைச் சோதிக்கிற வேகத்தில் அவள் பேனா இறங்கியது. காய்ச்சல், இல்லை. வயிற்றுப்போக்கு, இல்லை. எட்டாவது கேள்வி கால் வீக்கம். குனிந்து அவன் முழங்காலுக்குக் கீழே கட்டை விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது. நிமிர்ந்து, அவனைத் தாண்டி, மனைவியைப் பார்த்தாள்.

“உப்பை அள்ளிப் போட்டியா?”

“உப்பு ஜாடி உங்க அலமாரியில இருக்கு அண்ணி. பூட்டி.”

அக்கா ‘உண்டு’ போட்டாள். ஒன்பதாவது கேள்வி, தாம்பத்திய உறவில் சிரமம். பேனா நிற்கவே இல்லை. இல்லை. பத்தாவதுக்குப் போய்விட்டது. அவளுடைய சிறுநீரகத்தை வைத்துக்கொண்டு நடமாடுகிற, அவளுடைய தம்பிக்கு, அது எப்படி இருக்கும்.

மனைவி நீலப் பையைக் காலருகே இன்னும் கொஞ்சம் இழுத்து வைத்துக்கொண்டாள்.

அவன் கழிப்பறைக்கு எழுந்தான். கதவைத் தாழிட்டு, சட்டைப் பையிலிருந்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்தான். வெல்வெட் குழியிலிருந்து எடுத்து வந்தவை. எட்டு. ஏன் எட்டு என்று கேட்டால் அவனிடம் பதில் இருந்தது. பதினோரு நாள் காலித் தட்டு. இரண்டு போட்டால் முள் அசையாது. எட்டுப் போட்டால் ஒழுங்காகச் சாப்பிடுகிறவன்போலக் காட்டும். நாளையிலிருந்து ஒழுங்காகச் சாப்பிட்டுவிடலாம், யாருக்கும் எதுவும் தெரியவேண்டாம். குழாய்த் தண்ணீரைக் கையில் பிடித்து, எட்டையும் விழுங்கினான். கண்ணாடியில் பார்த்தபோது ஒரு வியாபாரியின் முகம் தெரிந்தது. சோதனைக்கு ஆள் வருகிறது என்று தெரிந்ததும் தட்டுக்கு அடியிலிருந்து காந்தத்தை உருவுகிறவனின் முகம்.

எட்டு மணிக்கு ரத்தம் எடுக்கிறவர் பட்டையைக் கட்டிக்கொண்டே கேட்டார். “மாத்திரை சாப்பிட்டீங்களா?”

“எப்படிச் சாப்பிடுவான்?” என்றாள் அக்கா, கைப்பையைத் தூக்கிக் காட்டி. “இங்க இருக்கு.”

ஊதா மூடிக் குழாய் ஒன்று, மஞ்சள் மூடிக் குழாய் இரண்டு. முடிந்ததும் அக்கா இரண்டு கேப்சூல்களைக் கொடுத்தாள். அவன் விரலிடுக்கில் வைக்கவில்லை. வாயில் போட்டு விழுங்கினான். வாயைத் திறந்து நாக்கைத் தூக்கியும் காட்டினான்.

“கேக்காமலே காட்டற. என்ன இன்னிக்கு?” என்றாள்.

சாயங்காலம் மூன்றரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டர் கணினியைப் பார்த்தபடியே உட்காரச் சொன்னார். மேசைக்கு இந்தப் பக்கம் மூன்று நாற்காலிகள். நடுவில் அவன். மேசைமேல் கேள்வித் தாள் கிடந்தது. டாக்டர் வழக்கமாக, “எப்படி இருக்கார் நம்ம எடைக்கல்?” என்று தொடங்குவார். இன்று தொடங்கவில்லை.

“கிரியாட்டினின் போன தடவை ஒண்ணு புள்ளி ரெண்டு. இன்னிக்கு ஒண்ணு புள்ளி ஒன்பது.” திரையை இன்னும் கீழே உருட்டினார். “காரணம் இங்க இருக்கு. மருந்து அளவு ஏழு, எட்டு இருக்கணும். முப்பத்தொண்ணு இருக்கு. அதனாலதான் கிட்னி அடிவாங்குது. வீட்டுல மாத்திரை யார் கொடுக்கறது?”

“நான்,” என்றாள் அக்கா. குரல் இறங்கிவிட்டது. “நான்தான் சார். எண்ணி எண்ணித்தான் கொடுக்கறேன். ஒரு வேளை தப்பினது இல்ல.”

“தப்பல. கூடிடுச்சு. ரெண்டு தடவை கொடுத்திருப்பீங்க. நடக்கறதுதான்.” அவர் மருந்துச் சீட்டை இழுத்துக்கொண்டார். “மூணு நாள் சுத்தமா நிறுத்திடுங்க. நாலாம் நாள்லேருந்து பாதி. அடுத்த வாரம் மறுபடி ரத்தம் பாக்கலாம்.”

எட்டு அதிகம் என்று அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பொய் எடை வைக்கிறவன் எப்போதும் செய்கிற தப்பு அது, கொஞ்சம் கூடுதலாக வைத்துவிடுவான். அதைத்தான் அவன் பதினைந்து வருடமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறான். இப்போது தப்பாகக் காட்டுகிற முள்ளைப் பார்த்து டாக்டர் தட்டிலிருந்து எடையை எடுக்கிறார். பதினோரு நாள் காவல் இல்லாமல் கிடந்த வீட்டுக்கு, இன்னும் மூன்று நாள் காவல் வேண்டாம் என்கிறார். அடுத்த வாரம் பார்ப்பதற்கு அக்கா கொடுத்த சிறுநீரகத்தில் எதுவும் மிச்சம் இருக்காது. சொன்னால் போதும். ஆனால் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்பார்கள். முதல் பொய்யை எடுத்தால் அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது.

அக்கா அவனைத் தாண்டி மனைவியின் பக்கம் திரும்பியிருந்தாள்.

“ராத்திரி நான் கொடுத்தப்புறம் உள்ள போய் நீ மறுபடி கொடுத்தியா?”

“நான் அந்த டப்பாவைத் தொட்டதே இல்ல அண்ணி.”

“ஆமா, தொட்டிருக்கமாட்ட. நீ எதைத்தான் தொட்ட? வயித்தைக் கிழிச்சு எடுத்துக் கொடுத்தேன். அதையாவது உருப்படியா வெச்சுக்கத் தெரிஞ்சுதா? ஒரு புள்ளைக்கும் வழியில்ல, இருக்கற புருஷனையும்...”

“இங்க வேண்டாம்மா,” என்றார் டாக்டர், எழுதிக்கொண்டே.

மனைவி அவனைப் பார்த்தாள். வில்லையைப் போட்டுவிட்டு எதிரில் இருப்பவர் பதிலுக்குக் காத்திருக்கிற பார்வை. அவன் மேசையைப் பார்த்தான். அவள் எழுந்தாள். குனிந்து நீலப் பையின் கைப்பிடியைப் பிடித்தாள்.

“வேற?” என்றார் டாக்டர், கையெழுத்துப் போடப் பேனாவைத் தாளின் அடிக்குக் கொண்டுபோய்.

“எழுதாதீங்க சார்.”

அது தன் குரல்தான் என்று தெரிந்ததும் அவன் நிறுத்தாமல் சொன்னான். “காலையில எட்டு மாத்திரை முழுங்கிட்டுத்தான் ரத்தம் கொடுத்தேன். பாத்ரூம்ல. அதுக்கு முன்னாடி பதினோரு நாள் ஒண்ணுகூடச் சாப்பிடல. என் எடைப்பெட்டியில மீதி முப்பத்தாறு இருக்கு.”

டாக்டர் முதல்முறையாகக் கணினியிலிருந்து முழுதாகத் திரும்பினார். அக்காவின் கை அவளுடைய இடது விலாவுக்குக் கீழே, தழும்பு இருக்கும் இடத்துக்குப் போய் அழுத்திக்கொண்டது, அங்கிருந்து எதையோ இப்போதுதான் எடுத்ததுபோல.

“ஏன்டா?” என்றாள். அதட்டல் இல்லை. அப்படி ஒரு குரல் அவளிடம் இருப்பதே அவனுக்குத் தெரியாது. “ஏன்டா, நான் கொடுத்ததை ஏன்டா...”

அவன் கேள்வித் தாளைத் தன் பக்கம் இழுத்தான். ஒன்பதாவது வரியில் அக்காவின் குறி நேராக, அழுத்தமாக, கட்டத்துக்கு வெளியே ஒரு மயிரிழைகூடப் போகாமல் இருந்தது. அதன் மேல் விரலை வைத்தான்.

“இது தப்பு. அவகிட்ட ஒரு குறையும் இல்லக்கா. டயாலிசிஸ் ஆரம்பிச்சதுலேருந்து எனக்குத்தான்... எனக்கு எழும்பறதே இல்ல. இந்த மாத்திரையாலன்னு நினைச்சேன்.”

டாக்டர் எழுதிய சீட்டைக் குறுக்கே அடித்தார். மனைவி கதவுக்கும் நாற்காலிக்கும் நடுவில் நின்றிருந்தாள். அவள் கையில் தொங்கிய நீலப் பையின் அடிப்பாகம் தரையைத் தொட்டும் தொடாமலும், மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.